வாக்காளரை இழந்த எம்.பி.

ஓமந்தைப் பக்கம் போனால் மலையகத்துப் பேச்சு காதில் விழும். 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

"எங்க அப்பா 47ல ஒரு தடவ ஓட்டுப் போட்டாரு தம்பி. அதோட சரி. சாகுற வரைக்கும் ரெண்டாவது தடவ போடவே இல்ல."

"யாருக்குப் போட்டாங்க அய்யா?"

"தலவாக்கலையில வேலுப்பிள்ளைக்கு."

அந்த வேலுப்பிள்ளை யார் என்று நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் சொல்கிறோம்.

சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலம் நன்றாகப் படித்தவர், ஆசிரியராக இருந்தவர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் வென்ற ஏழு பேரில் இவரும் ஒருவர். நுவரெலியாவில் தொண்டமான், கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று தோட்ட மக்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். பெரட்டுக்களத்தில் துரை முன்னால் கைகட்டி நின்ற மக்களுக்கு அது சின்ன விஷயமா?

ஒரு வருடந்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜை அல்லாதவர்களின் வாக்கையும் பறித்தது. அதே வருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் சுமார் எட்டு இலட்சம் பேருக்காக மனுப் போடப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே.

இந்த இடத்தில் ஜெர்மனியின் வில்லி பிராண்ட் நினைவுக்கு வருகிறார். 1913இல் பிறந்த சமூக ஜனநாயகவாதி. ஹிட்லரின் ஆட்சி 1938இல் அவர் பிரஜாவுரிமையைப் பறித்தது. நோர்வேயில் அகதியாக இருந்தவருக்கு 1948இல் அது திரும்பக் கிடைத்தது. 1969இல் நாட்டின் தலைவராகவே ஆனார். அங்கே திருப்பிக் கொடுத்த அதே 1948இல் இங்கே பறித்தார்கள்.

வேலுப்பிள்ளைக்கு 1952 வரை எம்.பி. பதவி இருந்தது, தெரிவு செய்த ஜனங்களுக்கு வாக்கு இல்லை. அந்த வருடத் தேர்தலில் தோட்டப் பகுதியிலிருந்து காங்கிரஸ்காரர் ஒருவரும் வரவில்லை. கொழும்பில் நூறு நாளுக்கு மேல் சத்தியாக்கிரகம் நடந்தும் சட்டம் அசையவில்லை.

பதவி போனபின் பலர் வேறு வழி பார்ப்பார்கள். இவர் தொழிற்சங்கத்திலேயே இருந்தார், வி. கே. வெள்ளையன் 1965இல் ஆரம்பித்த தொழிலாளர் தேசிய சங்கத்திலும் முன்னணியில் நின்றார். பேனாவையும் விடவில்லை. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கவிதையை சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' என்பன இவருடைய நாவல்கள். எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது, கொழுந்து மலையிலும் லயத்திலும் நம் பாட்டிமார் பாடிய பாட்டுகளை இவர் தேடி எழுதி வைத்ததுதான். படித்தவர்கள் அதைப் பாட்டாகவே மதிக்காத காலம் அது.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. நாடற்றவர் பிரச்சினை தீர்வதை வேலுப்பிள்ளை பார்க்கவில்லை. 1984 நவம்பரில் காலமானார். 1988இலும், கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்திலும்தான் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வந்தது.

"நான் முதல்ல ஓட்டுப் போட்டப்ப எனக்கு அம்பது வயசு தாண்டிருச்சு" என்றார் ஓமந்தைப் பெரியவர். வாக்காளர் இடாப்பு வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது. இந்த முறை தன் வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுவரப் பேரனை அனுப்பியிருந்தார். நாங்கள் புறப்படும்வரை பேரன் வரவில்லை.