ஐம்புலனும் அன்னமும்

உயிர்களை அவற்றின் புலனறிவைக் கொண்டு வகுத்தவர் தொல்காப்பியர். உற்றறிவு, சுவையறிவு, மோப்பறிவு, காட்சியறிவு, கேள்வியறிவு என அடுக்கி, மனவறிவை ஆறாவதாக வைத்தார். நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் இவ்வறிவுகள் அனைத்தையும் கடந்தே உள்ளே செல்கின்றது. எனினும் இவ்வாயில்கள் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய குழந்தைகள் பலர் உணவை மறுப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். அம்மறுப்பைப் பிடிவாதமென்றும், தாயின் வளர்ப்புக் குறையென்றும் கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். ஆதலின் இதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் மதியிறுக்கத்தை விரிவாக எடுத்துரைத்தார். அவர்களுள் பலர் பிறந்தது முதலே உண்ண இடர்ப்பட்டதையும், பேரொலிகளுக்கு அஞ்சியதையும் அதிலேயே குறித்தார். ஆயினும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு புலனுணர்வு வேறுபாட்டை இதன் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது 2013-இல்தான்.

கோடம்பாக்கத்து அடுக்குமாடி வீடொன்றின் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். குக்கர் கூவுகின்றது, மிக்சி இரைகின்றது, கடுகு வெடிக்கின்றது, மின்சார ரயில் தடதடத்துச் செல்கின்றது. நம் செவி இவற்றை ஒதுக்கிவிட்டு, மனத்தை இட்டலியின்பால் விடுகின்றது. அக்குழந்தையின் செவியிலோ அனைத்தும் ஒருங்கே வந்து மோதலாம். பெருங்காய மணம் தாங்கொணாததாகலாம். குழைந்த தயிர்ச்சோற்றினிடையே நாவில் தட்டுப்படும் கடுகு, நமக்குச் சோற்றில் அகப்படும் கல்லைப் போன்றதாகலாம். சாம்பார் சோறு, பிரியாணி, நோன்புக் கஞ்சி ஆகியன பல பொருள் கலந்தவை. ஒரு வாய் போல் மறுவாய் இராது. கடையில் வாங்கும் பிஸ்கட்டோ என்றும் ஒரே வடிவம், ஒரே மொறுமொறுப்பு. குழந்தை அதனை நாடுவது சுவைக்காக மட்டுமன்று. மாறாது என்னும் நம்பிக்கைக்காகவுமாம்.

இதற்கு மாறாக, புலனுணர்வு மந்தமாயுள்ள குழந்தைகளும் உண்டு. அவர்கள் வாய் நிறைய உணவைத் திணித்துக்கொள்வர், கடுங்காரத்தை விரும்புவர். வேறு சிலர்க்குப் பசியென்னும் உள்ளுணர்வே தெளிவாகப் புலப்படுவதில்லை. ஆகவே, “பசித்தால் தானே உண்பான்” என்னும் அறிவுரை இவர்க்குப் பொருந்தாது.

எடை குறையாத குழந்தையும் ஊட்டம் குறைந்திருக்கக் கூடும். பழமும் காய்கறியும் அறவே இன்றி மாதங்கள் கழிந்தால், வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி நோய் வரலாம். ஈறுகளில் குருதி கசியும். கால் வலியால் குழந்தை நடக்க மறுக்கும். மதியிறுக்கமுடைய குழந்தைகளிடம் இந்நோய் கண்டறியப்பட்டமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. பேச இயலாத குழந்தை தன் வலியைச் சொல்லாது. பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் ஆகியனவும் உணவு மறுப்பாகவே வெளிப்படும். எனவே, முதற்கண் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

வாயைப் பிடித்து ஊட்டுவதும் அச்சுறுத்துவதும் உணவின்மேல் வெறுப்பையே வளர்க்கும். புரையேறும் இடரும் உண்டு. ஏற்ற உணவிலிருந்து அதற்கு நெருங்கிய உணவுக்கு நகர்வதே நல்வழி. அப்பளம் மட்டும் உண்ணும் குழந்தைக்கு முறுகல் தோசையையும், பின்னர்ச் சற்றே மெத்தென்ற தோசையையும் காட்டலாம். சோற்றையும் குழம்பையும் தனித்தனியே வைக்கலாம். புதிய உணவைப் பார்த்தல், தொடுதல், முகர்தல், நாவில் வைத்தல் என ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு படியேறப் பல நாட்களாகலாம். உண்ணும் வேளையில் மிக்சியை நிறுத்துவதும் உதவியே.

மதியிறுக்கம் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனுடையோர்க்கான தேசிய நிறுவனம் இயங்கி வருகின்றது. இத்தகைய இடங்களில் ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்முறைப் பயிற்சியும், பேச்சுப் பயிற்சியும் பெறலாம்.

விருந்தினரின் முகமறிந்து பரிமாறுவது நம் மரபு. கலியாணப் பந்தியில் ஒரு குழந்தை வெறுஞ்சோற்றை மட்டும் உண்டாலோ, காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாலோ, பெற்றோரைக் கடிந்து பேசாதிருப்போம். அக்குழந்தைக்கும் முகமறிந்து பரிமாறுதல் பெரியோர் கடனாகும்.