இலையைக் கசக்கினால் ரோஜா மணக்கும்!

ஆரணியிலிருந்து ஏற்காடு டூர் போனால், தறி வீட்டு ஜன்னலில் வைக்க ஒரு ஜெரேனியம் தொட்டி வாங்கி வரத் தோன்றும். இலையைக் கசக்கினால் அப்படியே ரோஜா வாசனை! ஆனால், இது ரோஜாவுக்குச் சொந்தமே இல்லை. ரோஜாவில் உள்ள ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்ற மணப்பொருள்கள் இதன் இலையிலும் இருக்கின்றன. நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் இதைப் பயிரிட்டு, இலையை நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். சோப்பு, சென்ட் தயாரிக்க உதவும் எண்ணெய் இது.

தாவரவியலில் இது ‘ஜெரேனியேல்ஸ்’ வரிசையைச் சேர்ந்தது. பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ்கள். காய், பறவையின் அலகு போல நீண்டிருக்கும். கிரேக்க மொழியில் ‘ஜெரானோஸ்’ என்றால் கொக்கு. பெயர் வந்தது அப்படித்தான். நம் வாசனைச் செடியின் சரியான பெயரோ பெலர்கோனியம். அது நாரையின் பெயர்! 1789-லேயே இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெயர்தான் இன்னும் போகவில்லை.

தாயகம் தென்னாப்பிரிக்கா. நம் ஊரில் மலைக்குளிரில் செழிக்கும் இந்தச் செடிக்கு, ஆரணியின் சித்திரை வெயில் ஆகாது. காலை வெயில் மட்டும் படட்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மார்கழிக் குளிரிலேயே நுனித்தண்டுகளை வெட்டி, நாலு தொட்டிகளில் நட்டு வையுங்கள். வெயிலில் ஒன்று வாடினாலும், இன்னொன்று மணக்கும்!