பாவிலே பட்டு, ஊடையிலே பருத்தி!

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறிப் போனால் பட்டுச் சீமை. கீழே இறங்கி வந்தால் பஞ்சாலைச் சீமை. நடுவே, பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது சத்தியமங்கலம்.

மலைக்கு அப்பால் உள்ள கொள்ளேகால் 1956 வரையில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பட்டுப்பூச்சி வளர்ப்புக்குப் பேர் போன இடம். இந்தப் பக்கம் கோவையிலோ, 1888-லேயே ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை வந்துவிட்டது. பட்டும் பருத்தியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது கொங்கு நாட்டு நெசவாளி சும்மா இருப்பானா? இரண்டையும் ஒரே தறியில் ஏற்றினான். சிறுமுகை, புளியம்பட்டி வட்டாரங்களில் நெய்யும் 'கோரா காட்டன்' சேலை அப்படிப்பட்ட கலப்புதான். 2014-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கலப்பது என்றால் இஷ்டம்போல் கலப்பதல்ல. தறியில் அடி வாங்குவது பாவு நூல். மிதியை அழுத்தும்போதெல்லாம் அது மேலும் கீழும் இழுபடும். பண்ணை வேறு உரசிக்கொண்டே இருக்கும். ஊடை நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாடாவுக்குள் சொகுசாக உட்கார்ந்து போய் வரும்! ஆகவே, உறுதியான பட்டைப் பாவிலும், மெதுவான பருத்தியை ஊடையிலும் வைத்தார்கள். பட்டிலும் பசை நீக்காத கச்சாப் பட்டு. அந்தப் பசைதான் கோராவின் விறைப்புக்குக் காரணம். பசையை எடுத்தால் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும்.

பாவிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன? அங்கேதான் சிக்கல். பட்டு நன்றாக நீண்டு கொடுக்கும். பருத்தி அவ்வளவு கொடுக்காது. ஒன்று தொய்யும், இன்னொன்று அறும். துணியைத் தண்ணீரில் போட்டால் பருத்தி சுருங்கிக் கோடுகள் நெளியும். சேலையானாலும், தோளில் போடும் துண்டானாலும், கழுத்தில் சுற்றும் மப்ளரானாலும் இதே கதைதான். விவரம் தெரிந்தவர்கள் நூலை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிவிட்டு, இரண்டு பாவையும் தனித்தனி உருளையில் சுற்றுவார்கள்.

கலப்பு நூலில் ஒரு வினையும் உண்டு. ஏமாற்றுவது சுலபம். சிலவகைச் சேலைகளையும், சால்வை, மப்ளர் போன்றவற்றையும் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. ஆனாலும் விசைத்தறியில் செயற்கை நூலை ஓட்டி, அதற்குக் 'கோரா' என்று பெயர் சூட்டுவோர் இல்லாமல் இல்லை.

"ஏனுங்க, இது பட்டுங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க" என்றுதான் பதில் வரும்! முந்தானை ஓரத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். (நூலை மட்டும்!) மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. அடுத்து ஊடை நூல். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால், அது பாலியெஸ்டர். அதற்குக் கோரா விலை கொடுத்தால், அதில் காலணாகூடக் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குப் போய்ச் சேராது.