இல்லம் தேடி வரும் செவிலியும் கைப்பேசிக் குறிப்பேடும்

நோயாளி மருத்துவமனையை நாடிச் செல்வது ஒரு முறை. மருத்துவமே நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்வது மற்றொரு முறை. பக்கவாதத்தால் படுத்துவிட்ட தந்தை, நீரிழிவால் காலில் ஆறாத புண்ணோடு வாடும் பாட்டி, புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் வலி தணிப்பு ஒன்றையே வேண்டி நிற்கும் சகோதரி என, இரண்டாம் முறையை எதிர்நோக்கியிருப்போர் இல்லாத தெரு இன்று அரிது. இவர்களைத் தேடி வரும் செவிலியின் கையில் முன்பு தடித்த பதிவேடு ஒன்று இருந்தது. இன்று அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. இது கண்டு வியப்போரும் உண்டு. முகம் சுளிப்போரும் உண்டு. “வந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது” என்று முதியோர் குறைப்பட்டுக்கொள்வதும் நம் செவியில் விழுகின்றது. இக்கருவி ஏன் வந்தது, எங்கே உதவுகின்றது, எங்கே இடறுகின்றது, குடும்பத்தாராகிய நாம் செய்யத் தக்கது யாது என்பனவற்றைச் சற்று ஆராய்வோம்.

குறிப்பெழுதும் வழக்கம்

1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், மறைந்த தம் மனைவிக்குப் பணிவிடை செய்த மேரி ராபின்சன் என்னும் செவிலியை, ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று பணிபுரியுமாறு அமர்த்தினார். இல்லம் சார்ந்த செவிலியர் பணி ஒழுங்குபெற்ற வரலாறு அங்கிருந்து தொடங்குகின்றது. நோயாளியைக் கூர்ந்து நோக்குவதே செவிலியின் முதற்கடமை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வலியுறுத்தி வந்த காலமும் அதுவே. 1893இல் நியூயார்க் நகரின் ஏழை மக்களிடையே லில்லியன் வால்ட் அம்மையார் இப்பணியை வேரூன்றச் செய்தார்.

மருத்துவமனையில் நோயாளியைச் சுற்றிப் பலர் இருப்பர். ஒருவர் தவறவிட்டதை மற்றவர் காண்பார். இல்லத்திலோ செவிலி தனியே வருகின்றார், தனியே காண்கின்றார், தனியே திரும்புகின்றார். அடுத்த முறை வருபவர் வேறொருவராகவும் இருக்கலாம். எனவே, அவர் எழுதி வைப்பதுதான் மருத்துவருக்குக் கண். அடுத்து வரும் செவிலிக்கு வழித்துணை.

கருவி வந்த காரணம்

அமெரிக்க நாட்டில் அரசின் மருத்துவக் காப்பீட்டின்கீழ் இல்ல மருத்துவம் பெறுவோரின் உடல்நிலையை ‘ஒயாசிஸ்’ எனப்படும் நீண்ட வினாப்பட்டியலின்படி பதியவேண்டும் என்னும் விதி 1999இல் நடைமுறைக்கு வந்தது. நடக்க இயலுமா, தாமே உடுத்த இயலுமா, மூச்சு இரைக்கின்றதா, புண் எந்த நிலையில் உள்ளது என வினாக்கள் நீண்டன. காகிதத்தில் எழுதி, அலுவலகம் திரும்பிக் கணினியில் மீண்டும் ஏற்றும் இரட்டைச் சுமையைத் தவிர்க்கவே, எடுத்துச் செல்லத்தக்க கருவிகளை நிறுவனங்கள் நாடின.

2016ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டமொன்று மேலும் ஒரு படி சென்றது. ஏழை மக்களுக்கான அரசுத் திட்டத்தின்கீழ் நடைபெறும் ஒவ்வோர் இல்ல வருகையிலும், செய்த பணி என்ன, பெற்றவர் யார், செய்தவர் யார், நாள் எது, இடம் எது, தொடங்கி முடிந்த நேரம் எது என்னும் ஆறு செய்திகள் மின்னணு முறையில் பதியப்பட வேண்டும் என்றது அது. வராமலே வந்ததாகக் கணக்குக் காட்டிப் பணம் பெறும் முறைகேட்டைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும், தம் துணையாளர் எங்கே இருக்கின்றார் என்று கருவி கணிப்பது, தாம் எங்கே செல்கின்றோம் என்று கண்காணிப்பதற்கு ஒப்பாகும் என மாற்றுத்திறனாளிகள் பலர் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். அக்குரலில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட இயலாது.

நம் நாட்டிலும் இம்மாற்றம் வேரூன்றிவிட்டது. 2016இல் ஆந்திர மாநிலத்தில் துணைச் செவிலியருக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டு, ‘அன்மோல்’ என்னும் செயலி வழியே தாய்சேய் நலக் குறிப்புகள் பதியப்படலாயின. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள், வலி தணிப்புச் சேவை, இயன்முறை மருத்துவம் ஆகியன இத்திட்டத்தின் வழியாக இல்லங்களுக்கே வருகின்றன.

நன்மைகள்

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். “சற்றுக் குறைந்தாற்போல் இருக்கிறது” என்று எழுதுவதற்கும், நீளம் 4 செ.மீ., அகலம் 3 செ.மீ. என்று அளந்து, நோயாளியின் இசைவோடு படமும் எடுத்து வைப்பதற்கும் வேறுபாடு பெரிது. அடுத்த வாரம் அளவு கூடியிருந்தால் எவரும் வாதிடத் தேவையில்லை. மருத்துவர் தொலைவிலிருந்தே கண்டு சிகிச்சையை மாற்றலாம்.

மருந்துப் பட்டியலிலும் இவ்வாறே. அரசு மருத்துவமனை தந்த மாத்திரையும் தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையும் பெயரால் வேறாக, மருந்தால் ஒன்றாக இருப்பது உண்டு. இரண்டையும் விழுங்கி மயங்கி விழும் முதியோர் அரியர் அல்லர். வீட்டிலுள்ள மருந்துகள் யாவும் ஒரே பட்டியலில் ஏறும்பொழுது, இத்தகைய ஆபத்து கண்ணில் படுகின்றது. கையெழுத்துப் புரியாமை, ஏடு நனைந்து அழிதல், செவிலி மாறியதும் வரலாறு மறைதல் ஆகிய குறைகளும் நீங்குகின்றன. அலைவரிசை எட்டாத மலைக்கிராமத்தில்கூட, செய்தியைத் தன்னுள் சேமித்து, எட்டும் இடம் வந்ததும் அனுப்பும்படி இக்கருவிகளை அமைக்கலாம்.

இடறும் இடங்கள்

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கருவியில் ஏறிய சுரைக்காயும் அவ்வாறே. சென்ற வாரக் குறிப்பை ஒரே தட்டில் இவ்வாரத்திற்கும் படியெடுக்கக் கருவி இடம் கொடுத்தால், சோர்ந்த கை அதனைச் செய்துவிடும். அப்பொழுது நோயாளி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருக்க, குறிப்பு மட்டும் நலமாகவே இருக்கும். 137 என்று காட்டும் இரத்த அழுத்தத்தை 140 என்று முழுமையாக்கி எழுதும் பழக்கம் காகிதக் காலத்தது. கருவி அதனைத் தானே திருத்திவிடாது. கட்டங்களை நிரப்பும் அவசரத்தில், கட்டத்திற்குள் அடங்காத ஒரு சொல், “இரவில் பயமாக இருக்கிறது, அம்மா” என்னும் ஒரு சொல், காற்றோடு போய்விடுவதும் உண்டு.

பணியாளரின் துயரமும் எண்ணத்தக்கது. ஏட்டிலும் எழுதி, கருவியிலும் ஏற்றி, ஒரே வேலையை இருமுறை செய்ய வேண்டியிருப்பதாகக் கிராமப்புற நலப் பணியாளர் முறையிட்டு வருகின்றனர். 2021இல் அரியானா மாநிலத்து ஆஷா பணியாளர், தங்களைக் கண்காணிக்கும் கருவியாகக் கைப்பேசி மாறிவிடும் என்று அஞ்சிப் போராடியதும் நாம் அறிந்ததே. செவிலியை நம்பாமல் வேவு பார்ப்பதற்குக் கருவியைப் பயன்படுத்தினால், அவர் நோயாளிக்கு உழைப்பதை விடுத்துக் கருவிக்கே உழைப்பார்.

ஒரு நல்ல முன்மாதிரி

குற்றம் கருவியில் உள்ளதா, அது கேட்கும் கேள்விகளில் உள்ளதா? அமெரிக்காவின் ஒமாகா நகரத்து இல்லச் செவிலியர் சங்கம் 1970களில் வகுக்கத் தொடங்கிய ‘ஒமாகா முறை’ இதற்கு விடை தருகின்றது. அது உடல்நோயோடு நின்றுவிடவில்லை. வருமானம், குடியிருப்பு, சுகாதாரம் ஆகியவற்றையும், பிறரோடு கொள்ளும் தொடர்பு, துக்கம் ஆகியவற்றையும் சேர்த்து 42 தலைப்புகளில் மனிதரை முழுமையாக நோக்குகின்றது. நோயாளி தம் நிலையை எவ்வளவு அறிந்துள்ளார், எவ்வாறு நடந்துகொள்கின்றார், அவர் நிலை என்ன என்னும் மூன்றையும் ஐந்து படிகளில் மதிப்பிடவும் செய்கின்றது.

நெதர்லாந்தில் 2006ஆம் ஆண்டு யோஸ் டி பிளோக் என்னும் செவிலியர் தோற்றுவித்த ‘பர்ட்சார்க்’ என்னும் அமைப்பு இம்முறையையே கைக்கொண்டது. பணியை நிமிடக் கணக்கில் துண்டாடும் வழக்கத்தை வெறுத்து, சிறு சிறு குழுக்களாகச் செவிலியரே தம் பணியை ஒழுங்குசெய்துகொள்ளும் அமைப்பு அது. அங்கும் கணினி உண்டு; ஆனால் அது எசமானாக அமராமல் ஏவலாளாக நிற்கின்றது.

நாம் செய்யத் தக்கவை

செவிலி வரும்பொழுது பழைய சீட்டுகளையும் வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பெட்டியில் எடுத்து வையுங்கள். சித்த மருந்தாயினும் நாட்டு மருந்தாயினும் மறைக்காதீர்கள். இன்சுலின் போட்ட நேரத்தையும், உணவு உண்ட நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நோயாளியே பேச முடியுமானால், அவரையே பேச விடுங்கள். அவருக்காக நாம் முந்திக்கொண்டு விடை சொல்லுதல் தகாது. சில செய்திகளைத் தனியே சொல்ல அவர் விரும்பக்கூடும்; அதற்கு இடம் கொடுத்து விலகியிருப்பதும் அன்பின் செயலே.

பதிந்த பின், “என்ன எழுதியிருக்கிறீர்கள், சற்றுப் படித்துக் காட்டுங்கள்” என்று பணிவோடு கேளுங்கள். பிழை இருப்பின் அங்கேயே திருத்தலாம். நல்ல செவிலி இதனைக் குறையாகக் கொள்ளார். நோயாளியின் அருகே அமர்ந்து, திரையை அவரும் காணுமாறு திருப்பிப் பதிவது அவருக்கும் எளிது. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய முக்கிய அளவுகளை வீட்டிலும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட நேரும்பொழுது அந்த நோட்டே கைகொடுக்கும்.

புண்ணையோ உடலையோ படம் எடுக்குமுன் நோயாளியின் இசைவு கேட்கப்பட வேண்டும். எடுத்த படம் பணிக்குரிய செயலியில் இருக்கலாம். எவருடைய சொந்தப் படத்தொகுப்பிலும், உறவினர் குழுவிலும் இருத்தலாகாது. இவ்விதி செவிலிக்கு மட்டுமன்று, வெளிநாட்டிலுள்ள தம்பிக்கு அனுப்புவதற்காகப் படம் எடுக்கும் நமக்கும் உரியது. 2023இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவு பெறுதலையும் பிழை திருத்தும் உரிமையையும் அடிப்படையாகக் கொண்டுள்ளது. படுத்திருப்பவர் பேச இயலாதவராயினும், அவர் மானம் அவருடையதே.

நம் குடும்பங்களிலிருந்து செவிலியராகச் சென்ற மகளிர் உள்ளூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய இல்லங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றனர். நம் வீட்டிற்கு வருபவரும் வேறொரு தாயின் மகளே. வெயிலில் நடந்து வருபவருக்கு ஒரு நாற்காலியும், ஒரு குவளை நீரும், எழுத ஐந்து நிமிட அமைதியும் தருவோம். கருவியைக் கீழே வைத்துவிட்டு அவர் நோயாளியின் கையைப் பற்றும் அந்தச் சில நொடிகள் எக்குறிப்பிலும் ஏறுவதில்லை. அவற்றுக்கு நேரம் மிச்சப்படுத்தித் தருமானால், இக்கருவி நம் இல்லத்திற்கு வரவேற்கத் தக்கதே.