உத்தபுரம் சுவர், 1989–2008

மேற்கு பெர்லினைச் சுற்றி ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீண்டிருந்த சுவர் 1989 நவம்பர் 9 அன்று திறந்தது. அதே ஆண்டில், சாதிக் கலவரத்தை அடுத்து, மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பைத் தனியே பிரித்து சுமார் 600 மீட்டர் நீளச் சுவர் எழுந்தது. பெர்லினில் கட்டியது அரசு, இங்கே ஊரார். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேறுபாடு உண்மைதான். ஆனால் அது உத்தபுரத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்த நாட்டில், அந்தச் சுவர் 19 ஆண்டுகள் நின்றது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சுவர் அமைதிக்காக, உடன்படிக்கையின் பேரில் கட்டப்பட்டது என்பது. அப்படியானால் பின்னாளில் அதன்மேல் மின்கம்பி எதற்கு? பாதையை இழந்தவர்கள் சுற்றிப் போனார்கள். அதைத்தான் அமைதி என்றார்கள். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. எதிர்ப்புத் தெரிவித்து, சுவரை எழுப்பிய தரப்பின் பல குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின; சுவர் வளர்த்த பகை அத்தனை ஆழம்.

தருமபுரியில் உத்தபுரத்துச் சுவரை ஏன் நினைவுகூர வேண்டும்? 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, இம்மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஊரும் காலனியும் தனித்தனியே கிடந்தது யாரையும் காக்கவில்லை. எந்த வீடுகளைத் தாக்குவது என்பதையே அது காட்டிக்கொடுத்தது.