சிக்னலில் நின்றால் அதிரும் பழைய சொகுசு கார்: கோளாறு இன்ஜினிலா, ரப்பரிலா?

பாடி மேம்பாலம் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகும் காலை 9 மணி டிராஃபிக். சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கிறது 12 வயது ஜெர்மன் செடான் ஒன்று. ஸ்டீயரிங் நடுங்குகிறது. ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் மங்கலாகத் தெரிகிறது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது.

"இன்ஜினே போச்சா?" என்பதுதான் ஓனருக்கு வரும் முதல் பயம். பல நேரங்களில் தேய்ந்திருப்பது இன்ஜின் இல்லை, அதைத் தாங்கி நிற்கும் ரப்பர்தான். மெக்கானிக்குகள் பேச்சில் 'மவுண்டிங்'. புது ஹேட்ச்பேக் விலைக்கு யூஸ்டு சொகுசு கார் வாங்கிய இளைஞர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால், தேவையில்லாத ஒரு பெரிய பில்லைத் தவிர்க்கலாம்.

மவுண்டிங் என்ன வேலை செய்கிறது?

இன்ஜினை காரின் உடம்போடு பிணைப்பதும், அதன் அதிர்வு உள்ளே வராமல் தடுப்பதும் மவுண்டிங்கின் வேலை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் ஐடிலிங்கில் நிற்கும்போது, நொடிக்கு 25 முறை எரிபொருள் எரிந்து அடி விழுகிறது. அந்த அடியை வாங்கிக்கொள்வது இரும்புக்கு நடுவே ஒட்டப்பட்ட ரப்பர்.

ரப்பரில் இன்ஜினை மிதக்கவிடும் யோசனையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் கிரைஸ்லர். 1931-ல் பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில் கொண்டுவந்தது.

இன்றைய சொகுசு கார்கள் பலவற்றில் வெறும் ரப்பர் மட்டும் இருப்பதில்லை. உள்ளே திரவம் நிரப்பிய 'ஹைட்ராலிக்' மவுண்டிங் இருக்கும். சில டீசல் மாடல்களில் ஐடிலிங்கில் மிருதுவாகவும், ஓடும்போது இறுக்கமாகவும் மாறுவதற்கு ஒரு வேக்குவம் குழாயும் உண்டு. சொகுசு காரின் அமைதிக்கு இதுவும் ஒரு காரணம். கெட்டுப்போனால் செலவு கூடுவதற்கும் இதுவே காரணம்.

கிலோமீட்டர் கம்மிதானே, ஏன் போச்சு?

ரப்பருக்கு மீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வயசுக் கணக்கும் உண்டு. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதை இறுக்கி, வெடிக்க வைக்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மே மாத மதியம் ஏசி போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு, சூடு அதிகம். ஓடியது 8 கிலோமீட்டராக இருக்கலாம், இன்ஜின் வேலை செய்தது ஒரு மணி நேரமாக இருக்கும்.

இன்னொரு எதிரி ஆயில். இன்ஜின் கேஸ்கெட்டிலிருந்து கசியும் ஆயில் மேலே சொட்டிக்கொண்டே இருந்தால், இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, வலுவிழந்துவிடும். கசிவை அடைக்காமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றினால் புதுசும் சீக்கிரமே போய்விடும்.

பிஎம்டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார்களை அசெம்பிள் செய்கிறது. அந்த ஆரம்பகால கார்கள் இப்போது 15 வயதைத் தாண்டிவிட்டன. 15 வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஆர்சியை 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். பேப்பரைப் புதுப்பித்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பழசுதான்.

மவுண்டிங்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

* பிரேக்கை மிதித்தபடி கியரை N-ல் வையுங்கள், பிறகு D-க்கு மாற்றுங்கள். N-ல் அமைதி, D-யில் நடுக்கம் என்றால் மவுண்டிங் மீது சந்தேகம் வலுக்கும்.
* எந்த கியரில் இருந்தாலும் உதறல், கூடவே 'செக் இன்ஜின்' விளக்கு என்றால் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். முதலில் ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள்.
* P-யிலிருந்து R-க்கு மாற்றும்போதோ, ஆஃப் செய்யும்போதோ 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறதா?
* மவுண்டிங்குக்குக் கீழே ஈரக் கறை இருக்கிறதா? ஹைட்ராலிக் மவுண்டிங்கில் திரவம் ஒழுகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

பானெட்டைத் திறந்து வைத்து, D, R மாற்றி மாற்றிப் போட்டு இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்றும் பார்ப்பார்கள். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஷெட்டில் என்ன நடக்கும்?

இன்ஜினைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியதில்லை. மேலிருந்து சப்போர்ட் பாரில் தொங்கவிடுவார்கள். இல்லையென்றால் கீழிருந்து ஜாக்கி கொடுத்துத் தாங்குவார்கள். ஜாக்கிக்கும் ஆயில் சம்புக்கும் நடுவே மரக்கட்டை அவசியம். பல சொகுசு கார்களில் சம்ப் அலுமினியம், நேராக ஜாக்கி வைத்தால் விரிசல் விழலாம்.

பழைய போல்ட்டை எடுத்து, புது மவுண்டிங்கை உட்கார வைத்து, இன்ஜின் எடை முழுசாக இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். அதற்கு டார்க் ரென்ச் வேண்டும், கை அளவு போதாது. சில மாடல்களில் அந்த போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். சப்ஃப்ரேமை இறக்க வேண்டிய மாடல் என்றால் வேலை நீளும், முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

நீளவாக்கில் இன்ஜின் இருக்கும் சொகுசு கார்களில் பொதுவாக இடது, வலது என இரண்டும், கியர்பாக்ஸுக்கு ஒன்றும் இருக்கும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் அமுங்கிய பழசு என்றால் இன்ஜின் சாய்ந்து உட்காரும், பாரம் சமமாகப் பிரியாது. அதனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே நல்லது. கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எந்த ஸ்பேர் வாங்கலாம்?

கார் கம்பெனி டப்பாவில் வருவது விலை அதிகம். லெம்ஃபோர்டர், கார்ட்டெக்கோ போன்ற பாகத் தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த டப்பாவில் வாங்கினால் விலை குறையலாம். பார்ட் நம்பரை சேஸிஸ் எண்ணோடு ஒப்பிட்டு, பில்லோடு வாங்குங்கள்.

புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, லைட் வாங்குவதில் தப்பில்லை. பழைய மவுண்டிங் வேறு விஷயம். அந்த ரப்பருக்கும் உங்கள் கார் ரப்பருக்கும் ஒரே வயசாக இருக்கலாம். 'ரொம்ப நாள் உழைக்கும்' என்று பாலியூரித்தேன் மவுண்டிங்கை நீட்டுவார்கள். உழைக்கும்தான், ஆனால் இறுக்கமானது. அதிர்வு கேபினுக்குள் வரும்.

தள்ளிப்போட்டால்?

நாளைக்கே வண்டி நின்றுவிடாது. ஆனால் இன்ஜின் அளவுக்கு மேல் ஆடும்போது ஹோஸ், ஒயரிங், சைலன்சரின் வளையும் குழாய் எல்லாம் இழுபடும். ரப்பருக்கு ஆக வேண்டிய செலவோடு அவற்றின் செலவும் சேரும்.

பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் வீல்ஸ் இந்தியாவும் 1960-களிலிருந்தே வாகன பாகங்கள் செய்துவருகின்றன. இந்தப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை. "இன்ஜின் வேலை சார், ஓப்பன் பண்ணணும்" என்று யாராவது சொன்னால், "அதுக்கு முன்னாடி மவுண்டிங்கைப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், சாவியை வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்திலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.