வண்ணாத்திப் பூச்சிகளைக் கண்டறிதலும் படம் பிடித்தலும்

சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்தவுடன் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை முதலியவை புதுத் தளிர் விடுகின்றன. அத்தளிர்களை நாடி வண்ணாத்திப் பூச்சிகளும் வருகின்றன. விவசாயிகளில் சிலர் இவற்றை வெறும் அழகுப் பொருளென்று எண்ணிக் கவனியாது விடுவர். வேறு சிலர் புழுவென்று கண்டதெல்லாம் பயிருக்குப் பகையென்று கருதி உடனே மருந்து தெளிப்பர். இவ்விரண்டும் நஷ்டத்திற்கே இடமாகும். எந்தப் பூச்சி எந்தச் செடியில் முட்டையிடுகிறது என்று அறிந்தவருக்கே, அகற்றத்தக்கது எது, விட்டுவிடத்தக்கது எது என்பது விளங்கும். அதனை அறிவதற்குக் கைப்பேசியிலுள்ள காமிரா இக்காலத்தில் நல்ல கருவியாகும்.

சேதம் விளைப்பது

எலுமிச்சை வண்ணாத்திப் பூச்சியின் கருஞ் சிறகுகளில் வெளிர் மஞ்சள் திட்டுக்கள் நிறைந்திருக்கும், பின்சிறகில் செந்நிறப் பொட்டு ஒன்று உண்டு, வால் இராது. இது இளந்தளிரில் தனித்தனியாக மஞ்சள் நிற முட்டைகளை இடும். இளம் புழு பறவையின் எச்சம் போலவே தோன்றுவதால் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வளர்ந்த புழு பச்சை நிறமுடையது. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கிளைத்த கொம்பு போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். பெரிய மரங்கள் இதனைத் தாங்கிக்கொள்ளும். நாற்றங்காலிலுள்ள கன்றுகளோ சில புழுக்களாலேயே மொட்டையாகிவிடும். காலையில் கன்றுகளைச் சுற்றிவந்து புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதே போதுமானது. கண்டபடி மருந்து தெளித்தால், இப்பூச்சியின் முட்டையிலும் கூட்டுப்புழுவிலும் வளர்ந்து அதனைக் கொல்லும் நுண்ணிய குளவிகளும் மடிந்துபோம்.

ஒன்றுபோல் தோன்றுபவை

ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளரும் இரு வகை வண்ணாத்திப் பூச்சிகள் உண்டு. அச்செடியின் நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகள் இவற்றை உண்பதில்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் மற்றோர் இனத்தின் பெண் பூச்சிகளுள் சில, நஞ்சில்லாதிருந்தும், மேற்படி பூச்சிகளின் கோலத்தைக் கொண்டு பறவைகளை ஏமாற்றுகின்றன. சிறகுகளை மட்டும் நோக்கினால் இரண்டையும் பிரித்தறிதல் கடினம். உடலைக் கவனிக்க வேண்டும். ஆடுதீண்டாப்பாளைப் பூச்சிக்கு உடல் சிவந்திருக்கும். எலுமிச்சையை நாடுவதற்கு உடல் கறுத்திருக்கும். பறக்கும்போது புலப்படாத இவ்வேற்றுமை தெளிவான படமொன்றில் உடனே தெரியும்.

அஞ்ச வேண்டாதவை

எருக்கஞ்செடியில் காணும் வரியுள்ள புழுக்கள், கரிய நுனியுடைய செம்மஞ்சள் சிறகுப் பூச்சிக்கு உரியவை. அவை நெல்லையோ பயறையோ தீண்டா. ஏப்ரல் முதல் ஜூன் வரை, தென்மேற்குப் பருவமழை வலுக்குமுன், நீல வரியுள்ள பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கேயுள்ள சமவெளிக்குக் கூட்டங்கூட்டமாய் வருவதுண்டு. கிலுகிலுப்பைச் செடியில் இவை மொய்த்திருப்பதைக் கண்டு விவசாயிகள் கலங்க வேண்டியதில்லை. ஆண் பூச்சிகள், பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்குவதற்கு வேண்டிய சத்தை அச்செடியிலிருந்து உறிஞ்சுகின்றன, இலையைத் தின்பதில்லை.

படம் பிடிக்கும் முறை

1. காலை வெயில் ஏறும் வேளை உத்தமம். அப்போது பூச்சிகள் சிறகை விரித்துக் குளிர் காயும். உச்சிப் போதில் ஓரிடத்தில் நில்லா.

2. நமது நிழல் பூச்சியின்மேல் விழாதபடி, தாழ்ந்து மெதுவாக நெருங்க வேண்டும். வாய்க்கால் ஓரத்து ஈரமணலில் உப்புச் சத்தை உறிஞ்சும் பூச்சிகளை அணுகுவது எளிது.

3. சிறகின் மேற்புறம், அடிப்புறம், உடல் ஆகிய மூன்றும் தெரியும்படி வெவ்வேறு படங்கள் எடுக்க வேண்டும்.

4. பூச்சி முட்டையிட்ட இலையையும் செடியையும் தவறாமல் படம் பிடிக்க வேண்டும். பூச்சியின் படம் மட்டும் இருந்தால் பாதி விவரமே கிடைக்கும்.

5. பூச்சியைப் பிடித்தலும் ஊசியிற் குத்துதலும் வேண்டுவதில்லை.

குறிப்பின் பயன்

2019-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, மலைக்காடுகளில் வாழும் தமிழ் மறவன் என்ற இனத்தை மாநில வண்ணாத்திப் பூச்சியாக அறிவித்தது. நமது வயல்வெளியில் உள்ளவையும் கவனிக்கத்தக்கவையே. ஒவ்வொரு படத்துடனும் தேதி, இடம், செடியின் பெயர், மழை பெய்த நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் நலம். கிராம அதிகாரிகள் இக்குறிப்புக்களை ஒரே புத்தகத்தில் சேர்த்து வருவாராயின், கோடை மழைக்குப்பின் எத்தனையாவது நாளில் எலுமிச்சைக் கன்றில் புழு தோன்றுகிறதென்பது சில ஆண்டுகளில் அவ்வூருக்கே தெளிவாகிவிடும். அந்நாளுக்கு முன்பே கன்றுகளைப் பார்வையிடத் தொடங்குபவருக்கு மருந்துச் செலவு மிச்சம், கன்றும் பிழைக்கும்.